கைத்திறனுக்குச் சான்று வேண்டும்



பள்ளியை விட்டபின் ஐந்தாறு ஆண்டுகள் பால்மரம் வெட்டியோ, செம்பனைக் குலை அறுத்தோ, தொழிற்சாலையில் நாட்கூலிக்கு நின்றோ காலம் கழித்த ஓர் இளைஞர், இருபத்தைந்தாம் வயதில் ஒரு திறன் தொழிலைக் கற்று வாழ்க்கையை மாற்றிக்கொள்ள இயலுமா? இதுவே இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள். “வயது போய்விட்டது, இனி என்ன படிப்பு?” என்னும் பேச்சு நம் வீடுகளில் கேட்காத நாளில்லை. இயலும் என்பதே நம் விடை. ஆயினும் ஊக்கம் மட்டும் போதாது. வழி தெரிந்து, கணக்குப் பார்த்து இறங்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தோட்டத்தில் வளர்ந்தவருக்குக் கைத்திறன் புதியதன்று. பால்மரம் வெட்டுவது எவரும் எடுத்த எடுப்பில் செய்துவிடக்கூடிய வேலையா? ஒவ்வொரு வெட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனமே பட்டையைச் சீவ வேண்டும். கத்தி மேலோட்டமாகச் சென்றால் பால் குறையும். சற்று ஆழ்ந்துவிட்டாலோ மரத்தின் உட்பகுதி காயம்பட்டு, மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். பின்னர் அவ்விடத்தில் ஒழுங்காக வெட்ட இயலாது. விடியற்காலை மங்கிய வெளிச்சத்தில், நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களில், சரிவு பிசகாமல் இதனைச் செய்து முடிப்பவரின் கையில் அளவும் நிதானமும் குடிகொண்டிருக்கின்றன. இரும்பை ஒட்டவும், இயந்திரத்தைச் செப்பனிடவும், மின்கம்பி பொருத்தவும் வேண்டிய முதல் தகுதி இவையே அல்லவா?

அவ்வாறாயின், இத்தனை திறன் படைத்த நம் மக்கள் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது ஏன் வெறுங்கையராய் நின்றனர்? 1950களின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, பாட்டாளிகளின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழிவகுத்தார். அதன்பின் ரப்பர் நின்ற நிலங்கள் பல செம்பனைக்கு மாறின. பட்டணத்தை அடுத்திருந்தவை வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. வெளியேறிய குடும்பங்களிடம் உழைப்பும் திறனும் இருந்தன. அத்திறனைப் பிற முதலாளி படித்து அறிந்துகொள்ளத்தக்க சான்று மட்டும் இல்லை. கையில் இருந்த திறன் காகிதத்தில் இல்லாமையால், பலர் மீண்டும் கூலிவேலையிலேயே போய்ச் சேர்ந்தனர்.

சான்றின் அருமையை மின்கம்பி பொருத்தும் தொழிலைக் கொண்டு விளக்குவோம். 1990ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டத்தின்கீழ் 1994ஆம் ஆண்டில் மின்சார விதிமுறைகள் இயற்றப்பட்டன. அவற்றின்படி, ஒரு கட்டடத்தின் மின்கம்பி வேலை தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளரின் நேரடி மேற்பார்வையில் நடைபெற வேண்டும். வேலை முடிந்தபின் அவர் அதற்குரிய படிவத்தில் கையொப்பமிட வேண்டும். இத்தகுதிச் சான்றை வழங்குவது எரிசக்தி ஆணையம். மின்கசிவு கண்டால் தானே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியைப் பற்றியும் விதி உண்டு. கையில் பிடித்து இயக்கும் சாதனங்கள் உள்ள இடத்திற்கு 30 மில்லி ஆம்பியர், தரை ஈரமாகும் இடத்திற்கு 10 மில்லி ஆம்பியர் என்று அளவு வகுக்கப்பட்டுள்ளது. இவற்றையெல்லாம் கற்று உணர்ந்தவரே கையொப்பமிடத் தகுதி பெறுகிறார்.

நம் இளைஞர் பலர் குத்தகையாளர்களிடம் சேர்ந்து, சுவரைக் குடைந்து, குழாய் பதித்து, கம்பி இழுத்து ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். வேலை அவர்களுக்குத் தெரியும். ஆனால் கையொப்பமிடும் உரிமை இல்லை. ஆகவே பத்தாண்டுகள் கழிந்தபின்னும் நாட்கூலி நாட்கூலியாகவே நிற்கிறது. கம்பி இழுப்பவர் கூலிக்காரர், கையொப்பமிடுபவர் தொழில்வல்லுநர். இருவருக்கும் இடையில் இருப்பது படிப்பும் தேர்வும் ஒரு சான்றிதழுமேயாகும்.

இந்தச் சான்றிதழுக்கு நாட்டில் முறையான ஏணி உண்டு. 1989ஆம் ஆண்டில் தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் அமைந்தது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்திற்குப் பின் அப்பணியை மனிதவள அமைச்சைச் சேர்ந்த திறன் மேம்பாட்டுத் துறை ஏற்று நடத்தி வருகிறது. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளைக் கொண்டது. அதற்கு மேல் நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. முதல் நிலையில் சேர, தேசிய மொழியில் பேசவும் எழுதவும் தெரிந்திருப்பதே அடிப்படைத் தேவை. பயிற்சி நிலையங்கள் தத்தம் நிபந்தனைகளை வைத்திருக்கலாம். அதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் சரியாகத் தேறவில்லை என்பதற்காக மனம் ஒடிந்துபோக வேண்டியதில்லை.

இந்த ஏணியில் ஏற மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நிலையத்தில் முழுநேரம் தங்கிப் படிப்பது. பல்லாண்டுகளாக ஐ.எல்.பி. என்று அறியப்பட்டு, இப்போது அட்தெக் என்னும் பெயரில் இயங்கும் அரசாங்கப் பயிற்சி நிலையங்கள் ஈப்போ, கெப்பாலா பத்தாஸ், குவாந்தான், பாசிர் கூடாங் முதலிய இடங்களில் உள்ளன. இரண்டாவது, 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய இரட்டைப் பயிற்சி முறை. இதில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலும் எஞ்சியது பயிற்சி நிலையத்திலும் நடைபெறும். மூன்றாவது, முன் அனுபவத்திற்கு அங்கீகாரம் பெறுவது. தோட்டப் பட்டறையில் ஆண்டுக்கணக்கில் டிராக்டர் பழுதுபார்த்தவரும், ஆலையில் இரும்பு ஒட்டியவரும், தாம் செய்த வேலைகளுக்குரிய ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டில் தேறினால், வகுப்பிற்குச் செல்லாமலேயே சான்றிதழ் பெறலாம். வயது வந்தோர்க்கு இது மிகவும் ஏற்ற வழி. ஆகவே வேலை செய்யும் இடத்தில் எடுத்த படம், முதலாளி தந்த கடிதம், சம்பளச் சீட்டு ஆகியவற்றை இன்றே ஒரு கோப்பில் சேர்த்து வைப்பீர்களாக.

இனி, பலரும் பேசத் தயங்கும் ஒன்றைப் பேசுவோம். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வேலையை விட்டால் வீட்டையும் விட நேரும். இருபத்தைந்து வயது மகன் பயிற்சிக்குச் சென்றால் அவன் சம்பளம் நின்றுபோகும். தோட்டத்தில் பெயர் உள்ளவர் அவன் ஒருவனே என்றால் தாய் தந்தையர் குடியிருக்கும் வீட்டிற்கே கேடு வரலாம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அத்தொகை வராத மாதங்களை எவ்வாறு கடப்பது? இதற்கு விடை காணாமல் பெரட்டுக்குப் போவதை நிறுத்திவிடுவது ஆழம் அறியாமல் காலை விடுவது போன்றதாகும்.

ஆதலால் குடும்பம் முழுவதும் கூடி அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். வீடு யார் பெயரில் உள்ளது, மற்றவர் வருமானம் எவ்வளவு, எத்தனை மாதச் செலவுக்குச் சேமிப்பு உள்ளது என்று எழுதிப் பார்க்க வேண்டும். நிலைமை இடங்கொடாவிடில் சம்பளத்தோடு பயிலும் வழியையோ, அனுபவ அங்கீகார வழியையோ நாடலாம். விலகுவதாயின் முறைப்படி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு கால அளவு குறிக்கப்படவில்லையெனில், 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி அது இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு நான்கு வாரம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் ஆறு வாரம். அதற்கு மேல் எட்டு வாரம்.

கட்டணம் கட்ட நகையை அடகு வைக்குமுன் சற்று நில்லுங்கள். திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் அங்கீகாரம் பெற்ற பயிற்சிகளுக்குக் கடன் வழங்குகிறது. அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பதை மறவாதீர். தனியார் நிலையத்தில் சேருமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்நிலையத்திற்குத் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் உண்டா? நான் பயிலவிருக்கும் தொழிலுக்கும் அந்த நிலைக்கும் அந்த அங்கீகாரம் பொருந்துமா? இறுதியில் கிடைப்பது எஸ்.கே.எம். சான்றிதழா, நிலையத்தின் சொந்தச் சான்றிதழா? இடையில் நின்றுவிட்டால் கடன் என்னவாகும்? இவற்றிற்கு எழுத்தில் விடை தராத இடத்தில் கையொப்பமிட வேண்டாம்.

பெண்மக்களையும் இங்கு நாம் மறக்கலாகாது. ஆண்களுக்கு நிகராக நிரை பிடித்து வெட்டிய தாய்மார்களின் புதல்வியர் அவர்கள். மின்னணுவியல், குளிர்சாதனம், இயந்திர வரைகலை ஆகிய தொழில்கள் அவர்களுக்கும் உரியவை. தையலும் அழகுக்கலையும் மட்டுமே அவர்களுக்கு என்று வேலி கட்டுதல் முறையன்று.

சான்றிதழ் வந்த மறுநாளே வளம் வந்துவிடும் என்று நாம் கூறவில்லை. பதினெட்டு வயது இளையவருடன் ஒரே வகுப்பில் அமரக் கூச்சமாக இருக்கும். முதலிரண்டு ஆண்டுகள் பிறரிடம் பணியாற்றிப் பழக வேண்டும். கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஆயினும் தோட்டம் விற்கப்பட்டாலும், ஆலை மூடப்பட்டாலும் அந்தச் சான்று அவருடனேயே செல்லும். அதை எவரும் திரும்பக் கேட்க இயலாது.

பெற்றோர்களே, கங்காணிமார்களே, தொழிற்சங்கக் கிளையினரே, கோயில் நிர்வாகத்தினரே! ஓர் இளைஞர் பயிற்சிக்குப் புறப்படும் ஆண்டில் அவர் குடும்பத்திற்குத் தோள் கொடுங்கள். விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரிந்தவர், தெரியாதவருக்கு நிரப்பிக் கொடுங்கள். திருவிழாவிற்கு ஒன்றுகூடும் நாம் இதற்கும் ஒன்றுகூடுவோமாக.