பயணத்தின் இரண்டாம் பகுதி



சென்ற கோடை விடுமுறையில் நம் வீட்டுக் கணினித் திரையில் நாள்தோறும் ஒரு குரங்கு கோலைச் சுழற்றிக் கொண்டிருந்தது. ‘பிளாக் மித்: வூகாங்’ என்னும் அவ்விளையாட்டைச் சீன நிறுவனமொன்று 2024 ஆகஸ்ட் 20ஆம் நாள் வெளியிட்டது. மூன்றே நாட்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றனவாம். பையன்கள் இரவுணவை மறந்ததில் வியப்பில்லை.

ஆடுபவரே பாத்திரமாகிப் போர்க்கலை பயின்று முன்னேறும் வகையைச் சேர்ந்தது இது. கோலை ஓங்கி அடிப்பது ஒரு முறை. தரையில் ஊன்றி அதன் உச்சியில் நின்று தாக்குவது ஒரு முறை. நீட்டிக் குத்துவது மற்றொன்று. ஊடே வரும் கோயில்களும் சிற்பங்களும் வெறுங்கற்பனையல்ல. சான்சி மாகாணத்துப் பழங்கோயில்கள் பலவற்றை நேரில் அளந்து பதித்திருக்கிறார்கள். போரில் நமக்கு நாட்டமில்லை. ஆயினும் அக்கோயில்களைக் காணவே சில மாலைகள் மகனருகில் அமர்ந்தோம்.

கதையோ ஒரு தொடர்ச்சி. பதினாறாம் நூற்றாண்டைச் சார்ந்த ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்னும் சீனப் புதினத்தில், மறைநூல் தேடி நம் நாட்டிற்கு வரும் துறவிக்குக் காவலாய் வருபவன் சுன் வூகாங் என்னும் குரங்குச் சீடன். அவனும் துறவு பூண்டவனே. அப்பயணம் முடிந்து, பெற்ற புத்தநிலையையும் அவன் உதறியபின் நடப்பதே இவ்விளையாட்டு. விண்ணவரோடு பொருது அவன் கல்லாகிறான். சிதறிய அவன் ஆற்றல்களைத் தேடி வேறொரு குரங்கு புறப்படுகிறது.

“அப்பா, லூங் என்றால் என்ன?” என்று மகன் ஒருநாள் வினவினான். ஆங்கில வடிவத்திலும் அச்சொல்லை அப்படியே விட்டிருந்தார்கள். மேலைநாட்டுக் கதைகளில் தீயுமிழும் கொடிய விலங்கு வேறு. மழை தரும் சீனத்து லூங் வேறு. ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு இட அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்தே நரை கண்ட நமக்கு அந்தத் துணிவு பிடித்திருந்தது.

இதற்கு முன்னோடி அக்கதையின் துறவியே. வரலாற்று யுவான் சுவாங் கோலெடுத்துப் போரிட்டவரல்லர், எழுதுகோல் எடுத்தவர். நாளந்தாவில் பயின்று, 640ஆம் ஆண்டையொட்டிக் காஞ்சி வரை வந்தவர். 645இல் 657 நூல்களுடன் தாயகம் திரும்பினார். 664இல் மறையும்வரை பத்தொன்பது ஆண்டுகள் மொழிபெயர்ப்பிலேயே கழிந்தன. எழுபத்தைந்து நூல்கள் முடிந்தன. அவருடைய பயணத்தின் இரண்டாம் பகுதி இதுதான். இதில் அரக்கர் ஒருவரும் இல்லாமையால் விளையாட்டாக்குவார் இலர்.

ஐவகைச் சொற்களைப் பெயர்க்காமல் ஒலியை மட்டும் எழுதுக என்று அவர் விதித்ததாகச் சீன நூல்கள் கூறும். அவற்றுள் ஒன்று, தம் நாட்டில் இல்லாத பொருளின் பெயர். அதற்குக் காட்டும் சான்று ஜம்பு மரம். சீனத்தில் அம்மரம் இல்லை என்றே அந்நூல்கள் கூறும். ஆகவே பெயர் அப்படியே நின்றது.

இதை மகனுக்கு விளக்கிக் கொண்டிருந்தோம். ஜம்பு என்றதும், “ஜாமுன்தானே! நம் தெருவிலேயே இருக்கிறதே!” என்றான். தலைநகரில் பிறந்தவன், தெருவில் கூவி விற்கும் பெயரை அறிந்திருந்தான். தமிழில் அதன் பெயரென்ன என்று கேட்டோம். விழித்தான். பாரத நாட்டையே ஒருகாலத்தில் அம்மரத்தின் பெயரால் நாவலந்தீவு என்று நம்மவர் வழங்கினர். அவன் பாட்டியோ ஊரிலிருந்து ஆண்டுதோறும் தொலைபேசியில் நாவற்பழக் கதை சொல்பவள். பாட்டி சொல்வது வேறு ஏதோ பழம் என்றே அவன் இதுநாள்வரை எண்ணியிருந்தான்.

அன்று மாலை வண்டிக்காரரிடம் கால் கிலோ வாங்கினோம். நாக்கு நீலமாகும்வரை தின்றுவிட்டு, அவனே பாட்டிக்குத் தொலைபேசியில் பேசினான்.