'முதல்' என்னும் சொல்லும் மூழ்கிய கப்பலும்



மலாய்மொழியின் 'மோடல்' நம் 'முதல்' என்னும் சொல்லே. வணிகர் வழி சென்றது. முதலீடு எனப்படுவது யாது என்று அனைத்துலக நடுவர்களே முரண்பட்ட வழக்கொன்று நம் மலாக்காக் கடலில் தோன்றியது.

1817இல் இங்கு மூழ்கிய 'டயானா' கப்பலின் சரக்கை மீட்க, ஒரு நிறுவனம் 1991இல் மலேசிய அரசுடன் ஒப்பந்தம் செய்தது. பொருள் கிடைக்காவிடின் ஊதியமில்லை என்பது ஏற்பாடு. ஏறத்தாழ 24,000 சீனப் பீங்கான்கள் கிடைத்தன. 1995இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. பங்குத்தொகையில் பிணக்கு எழவே, நிறுவனம் உலக வங்கியைச் சார்ந்த முதலீட்டுத் தகராறு மையத்தை நாடியது. அப்பணி நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்குப் போதிய பங்களிக்கவில்லை. ஆதலின் முதலீடன்று என்றார் நடுவர், 2007இல். 2009இல் மூவர் குழு அம்முடிவை நீக்கியது. மூவரில் ஒருவர் உடன்படவில்லை. வியப்பென்னவெனில், மையத்தை நிறுவிய உடன்படிக்கையில் அச்சொல்லுக்கு வரையறையே இல்லை.

இத்துறைக்கே வாழ்நாளை அளித்தவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் சொர்ணராஜா. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அயல்நாட்டு முதலீட்டுச் சட்டம் குறித்து 1994இல் வெளிவந்த அவர் நூல் பல பதிப்புகள் கண்டது. முதலிட்டவருக்குக் காப்பளிக்கும் சட்டம், முதலை ஏற்கும் நாட்டின் உரிமையையும் மதிக்கவேண்டும் என்பது அவர் வாதம். இலண்டன் முதலில் வளர்ந்த இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த நம் பிள்ளைகளுக்கு இது அயலான கேள்வியன்று. ஆயினும் வணிகச் சட்டத்தைக் கணக்கர் வேலையென்று ஒதுக்குகின்றனர். சொற்பொருள் ஆயும் தமிழ் மாணவர்க்கே அங்கு வேலை மிகுதி. சட்டம் பயில விழைவோர் அவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து வாசிக்கட்டும். இரண்டும் பொதுவில் கிடைக்கின்றன.