பூலே வாழ்த்திய ஆண்டில்

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'மனிதகுல முன்னேற்றம் நீடிக்குமா?' என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. இவ்வளவு பெரிய கேள்விக்குப் பதில் சொல்ல நான் யார் என்று முதலில் தயங்கினேன். பிறகு பார்த்தால், இதே கேள்வியை எங்கள் விடுதியில் ஒரு தங்கை என்னிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். முதுகலை முதலாண்டு படிக்கிறவள். உதவித்தொகை வராமல் மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே போன ஒரு மாதத்தில், "அக்கா, நாம படிக்க வந்ததெல்லாம் நிலைக்குமா, இல்ல நம்மளோட முடிஞ்சிடுமா?" என்றாள். "எப்படி முடியும்? எங்க ஆயா கைநாட்டு, அம்மா எட்டாவது, நான் முனைவர் பட்டம். வண்டி பின்னால போகுமா என்ன?" என்றேன்.

அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. இந்த மூன்று தலைமுறைக் கதையை மேடைகளில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். நன்றாகக் கைதட்டுவார்கள். ஆனால் ஏறிய படி எப்போதும் காலுக்குக் கீழே இருக்கும் என்று அந்தக் கதை நம்மை நம்ப வைத்துவிடுகிறது. அப்படி நம்பி ஏறிய ஒரு மக்களின் வரலாற்றைத்தான் இன்று பேசப் போகிறேன், அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை. நம்மை அங்கே அழைத்துப் போகிறவர் மகாத்மா பூலே.

1873ஆம் ஆண்டு பூலே 'குலாம்கிரி' நூலை வெளியிட்டார். அடிமைத்தனம் என்று பொருள். நூல் மராத்தியில், காணிக்கை ஆங்கிலத்தில். கறுப்பின மக்களை அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அவர்களைப் பார்த்துத் தன் நாட்டவரும் சூத்திரச் சகோதரர்களைப் பார்ப்பனியப் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். புனேயில் இருந்துகொண்டு கடலுக்கு அப்பால் நடந்த விடுதலையைத் தன் விடுதலையோடு சேர்த்துப் பார்த்தவர் அவர்.

அவர் வாழ்த்தியதில் நியாயம் இருந்தது. 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 1868இல் குடியுரிமை, 1870இல் ஆண்களுக்கு வாக்குரிமை. அதே 1870இல் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டுக்குப் போய் அமர்ந்தார். நேற்றுவரை சந்தையில் விற்கப்பட்ட மக்கள் அடுத்த சில ஆண்டுகளில் சட்டமன்ற உறுப்பினராக, நீதிபதியாக, பள்ளிக் குழு உறுப்பினராக ஆனார்கள். தெற்கு மாநிலங்களில் இப்படிப் பொதுப் பதவி வகித்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். அந்த ஆண்டுகளில் அங்கே வாழ்ந்த ஒருவரிடம் முன்னேற்றம் நீடிக்குமா என்று கேட்டிருந்தால், நான் அந்தத் தங்கைக்குச் சொன்ன பதிலைத்தான் அவரும் சொல்லியிருப்பார்.

பூலே வாழ்த்திய அதே 1873இல், ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. லூசியானா மாநிலத்தின் கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில் தேர்தல் தகராறு. நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின மக்களை ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் தாக்கியது. சரணடைந்தவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். கொல்லப்பட்டோர் அறுபதுக்கும் மேல். 150 வரை இருக்கலாம் என்கிறார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசியல் சட்டத் திருத்தம் அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்களை அல்ல என்று சொல்லி 1876இல் அந்த நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது. உங்களில் பலருக்கு வெண்மணி நினைவுக்கு வந்திருக்கும். 44 பேரை எரித்த வழக்கில் நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்த கதை நமக்குத் தெரிந்ததுதானே.

1877இல் தெற்கே காவல் நின்ற கூட்டாட்சிப் படை விலகிக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். படுகொலை பார்த்தவுடன் புரிந்துவிடும். காகிதத்தில் நடப்பது அப்படிப் புரியாது.

1890இல் மிசிசிப்பி புதிய மாநில அரசியல் சட்டம் எழுதியது. வாக்களிக்க வேண்டுமா, இரண்டு டாலர் தலைவரி கட்டிய ரசீதைக் காட்டு. அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படி, அல்லது படிக்கக் கேட்டு விளக்கம் சொல். எந்தப் பிரிவு என்பதையும், சொன்ன விளக்கம் சரியா என்பதையும் முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி. இந்த விதிகளில் 'கறுப்பர்' என்ற சொல்லே கிடையாது! மற்ற மாநிலங்களும் இதே வழிக்கு வந்தன. லூசியானாவில் 1896இல் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904இல் 1,342 பேர். எட்டே ஆண்டுகள். கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்த 15ஆம் திருத்தத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அதில் ஒரு சொல்லைக்கூட நீக்கவில்லை. அது அப்படியே புத்தகத்தில் இருந்தது.

இதைப் படித்த நாட்களில்தான் என் ஆய்வு உதவித்தொகை எட்டு மாதம் வராமல் இருந்தது. அலுவலகத்தில் கேட்டால், "திட்டம் இருக்குமா, நிறுத்தலையே" என்பார்கள். பொய் இல்லை. திட்டம் இருந்தது. பணம்தான் வரவில்லை. என்னோடு சேர்ந்த இருவர் அதற்குள் ஆய்வை விட்டுவிட்டார்கள். ஒருவர் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஆவணத்தில் அவர் 'தானாக விலகியவர்'.

நிலத்தின் கதையும் இதுதான். 1865 ஜனவரியில் தென்கிழக்குக் கடலோரத்தில் விடுதலை பெற்ற குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் வரை ஒதுக்கிப் படைத்தளபதி ஷெர்மன் ஆணையிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே, பழைய முதலாளிகளுக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார் குடியரசுத் தலைவர் ஜான்சன். நம் பஞ்சமி நிலங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1892இல் தந்தது ஆங்கிலேய அரசு. பிறருக்கு விற்க முடியாது என்று ஆவணத்திலேயே எழுதியிருந்தும் பெரும்பகுதி கைமாறிப்போனது. காரணை நிலத்தை மீட்கப் புறப்பட்டவர்கள் மீது 1994இல் துப்பாக்கிச் சூடு.

என் தோழி ஒருத்தி நுண்ணுயிரியல் படிக்கிறவள். "நீ ரொம்ப இருட்டாவே பாக்குற. பெரியம்மை ஒழிஞ்சுதே, அது திரும்பி வந்துச்சா?" என்றாள். நல்ல கேள்வி. 1980இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது; இன்றுவரை திரும்பவில்லை. ஆனால் பெரியம்மை திரும்பி வந்தால் யாருக்கும் இலாபமில்லை. நான் வயலுக்குத் திரும்பினால் இலாபம் அடைய ஆட்கள் இருக்கிறார்கள். தெற்கே பருத்தித் தோட்டக்காரர்களுக்குக் கூலிக்குக் கைகள் தேவைப்பட்டன. முன்னேற்றம் என்று ஒரே சொல்லில் இரண்டையும் போட்டு மூடிவிடுகிறோம். தடுப்பூசியின் வரைபடத்தைக் காட்டி, எல்லாமே இப்படித்தான் மேலே போகும் என்கிறவர்களிடம் எனக்கு உள்ள சண்டை இதுதான்.

எல்லாமே பறிபோனதா என்றால், அதுவும் இல்லை. 1870இல் கறுப்பின மக்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1910இல் அது பத்துக்கு மூன்று. வாக்குரிமை பறிக்கப்பட்ட, மரத்தில் கட்டித் தூக்கிலிட்ட அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது! அரசுப் பள்ளிகளுக்கு நிதி வெட்டப்பட்டபோது தேவாலயத்தில் வகுப்பு நடத்தினார்கள், கூலியில் மிச்சம் பிடித்து ஆசிரியருக்குக் கொடுத்தார்கள். 1867இல் தொடங்கிய ஹோவர்டு பல்கலைக்கழகம் அந்த இருட்டிலும் நடந்துகொண்டிருந்தது. அதன் சட்டக் கல்லூரியில் சார்லஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன் பாடம் நடத்தினார். அவரிடம் படித்த தர்குட் மார்ஷல்தான் பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்து வாதாடி 1954இல் வென்றார்.

இதைக் காவியமாக்கிவிடவும் மனம் வரவில்லை. ஏட்டில் இருந்த வாக்குரிமை கைக்கு வர 1965ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. இடையில் 95 ஆண்டுகள். கடைசியில் நீதி வெல்லும் என்கிறார்களே, 1870இல் வாக்களித்து, 1890இல் அதை இழந்து, 1920இல் செத்துப்போன ஒருவருக்கு எது கடைசி? அந்த 1965 சட்டத்தின் முக்கியப் பிரிவு ஒன்றையும் 2013இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்க வைத்துவிட்டது. காரணம் என்ன தெரியுமா? நிலைமை முன்னேறிவிட்டதாம்.

நம் ஊரில் எதிர்மாறாக ஒன்று நடந்திருக்கிறது. நீதிக்கட்சிக் காலத்தில் வந்த வகுப்புவாரி உரிமையை 1950இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஜூன் மாதமே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. அங்கே 95 ஆண்டு எடுத்தது இங்கே ஓர் ஆண்டுக்குள் நடந்தது. நம் நீதிபதிகள் நல்லவர்கள் என்பதாலா? பறித்த அன்றே பெரியாரும் அவர் இயக்கமும் அதைக் கண்டுகொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். பஞ்சமி நிலம் கைமாறியபோது கிராமத்தில் யார் கையில் பதிவேடு இருந்தது? கணக்கு எழுதியவர்களே வாங்கியவர்களுக்குச் சொந்தக்காரர்கள்.

அந்தத் தங்கைக்கு நான் சொன்ன பதிலைத் திருத்திக்கொண்டேன். "தெரியல தங்கச்சி, நாம எழுதி வைப்போம்" என்றேன். இப்போது விடுதியில் ஒரு நோட்டு இருக்கிறது. யாருக்கு எந்த மாத உதவித்தொகை எந்தத் தேதியில் வந்தது, யார் எப்போது படிப்பை விட்டார்கள், அலுவலகத்தில் என்ன பதில் சொன்னார்கள், எல்லாம் அதில் இருக்கும். எழுதுகிறவள் அவள்தான். என்னைவிடக் கறாரானவள், வாய்மொழியாகச் சொன்னால் ஏற்க மாட்டாள், வங்கிக் குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்வாள்.

போன மூன்று மாதத்துக்கான கட்டங்கள் காலியாக இருக்கின்றன. வருகிற திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு அந்த நோட்டோடு அலுவலகத்துக்குப் போகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.