ஓட்டையை அடைப்பதும் ஜீவகாருண்யமே



சென்ற ஆண்டு எங்கள் அடுக்குமாடி வீட்டில் எலித் தொல்லை. பசை தடவிய அட்டை வைத்தேன். விடியற்காலையில் ஒரு சுண்டெலி அதில் ஒட்டிக்கொண்டு துடித்தது. “பாட்டி, எறும்பு சாப்பிடட்டும்னுதானே அரிசி மாவுல கோலம் போடுறீங்க?” என்றான் பேரன். எனக்குப் பதில் வரவில்லை. சமையல் எண்ணெய் ஊற்றி மெல்ல விடுவித்து, வெளியே புல்லில் விட்டேன்.

அதை அழைத்தது யார்? திறந்து கிடந்த அரிசி மூட்டையும் இரவில் கழுவாத பாத்திரமும்தானே! அரிசியை மூடியுள்ள டின்னில் கொட்டினேன். சிங்க்குக் கீழே குழாயைச் சுற்றியிருந்த ஓட்டையைக் கம்பி நாரால் இறுக அடைத்தேன். பென்சில் நுழையும் ஓட்டையே சுண்டெலிக்குப் போதும். பிறகு எலி வரவில்லை. கொசுவுக்கும் அப்படியே: பூச்சட்டித் தட்டில் நீர் தேங்காவிட்டால் அங்கே புழுவும் இல்லை, கொல்லும் வேலையும் இல்லை.

வள்ளலார் வலியுறுத்திய ஜீவகாருண்யம் நம் அடுப்படியிலும் விளங்கட்டும்.