கூடைப்பந்தாட்டமும் ஊர்க் கழகங்களும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். "விளையாட்டுச் சோறு போடுமா?" என்று முன்வரிசையிலிருக்கும் பெரியோர் சிலர் மனத்துள் கேட்பது எனக்குத் தெரியாமலில்லை. நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடுவதே இன்றைய என் பேச்சு.

கூடைப்பந்தாட்டம் இளைஞர் சங்கமொன்றின் மடியிலே பிறந்த விளையாட்டு. 1891ஆம் ஆண்டு மார்கழிக் குளிரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலிருந்த வாலிபர் கிறிஸ்தவ சங்கப் பயிற்சிக் கல்லூரியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் அதனை வகுத்தார். வெளியே பனி, உள்ளே துடிப்புள்ள 18 மாணவர்கள். பழக்கூடைகள் இரண்டை மாடத்தில் 10 அடி உயரத்தில் அறைந்து, 13 விதிகளை எழுதி ஒட்டி, ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். இன்றும் வளையத்தின் உயரம் அதே 10 அடிதான்.

அடுத்த ஆண்டே சென்டா பெரென்சன் என்னும் ஆசிரியை, ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு இவ்விளையாட்டைக் கற்பித்தார். 1893இல் அங்கு நடந்த முதற் போட்டியைப் பார்க்க ஆடவருக்கு அனுமதியில்லை. அக்காலம் அப்படி! பெண்களின் அவ்வாட்டத்தினின்றே நம் சகோதரிகள் ஆடும் வலைப்பந்தாட்டமும் கிளைத்தது. யாழ்ப்பாணம் தந்த தர்ஜினி சிவலிங்கம், 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் நின்று வலையை நிறைத்ததை நீங்கள் அறிவீர்கள்.

இனி அவுஸ்திரேலியாவுக்கு வாருங்கள். அங்கே 1981 முதல் 2018 வரை தென்கிழக்குப் பகுதிக் கழகங்கள் தமக்குள் ஒரு கூட்டுப்போட்டி நடத்திவந்தன. 2019இல் அதன் இடத்தில் 'என்.பி.எல். 1' எழுந்தது. இப்போது அதில் தெற்கு, வடக்கு, மத்தி, மேற்கு, கிழக்கு என 5 பிரிவுகள். பிரிவுகளின் வெற்றியாளர் சந்திக்கும் தேசிய இறுதிச் சுற்று 2022 முதல் நடைபெறுகிறது.

இதில் ஆடுவோர் முழுச் சம்பளத்தை நம்பி வாழ்வோருமல்லர். வெறும் பொழுதுபோக்குக்கு ஆடுவோருமல்லர். சிலருக்கு ஊதியமுண்டு, பலருக்குப் பகலில் வேறு தொழிலுண்டு, படிப்புண்டு. மாலையிலே பயிற்சி, வார இறுதியிலே போட்டி. பென்டிகோ, பல்லாரட், கெயின்ஸ் போன்ற ஊர்களின் பெயரையே கழகங்கள் தாங்குகின்றன. தங்கச் சுரங்க ஊராகிய கல்கூர்லியின் அணி பேர்த் நகருக்குச் சென்று ஆட ஏறக்குறைய 600 கிலோமீற்றர் பயணஞ் செய்ய வேண்டும். ஊரின் ஆதரவின்றி இது நடக்குமா?

இன்னொரு சிறப்பையும் சொல்லவேண்டும். பெரும்பாலான கழகங்களுக்கு ஆண்கள் அணியும் உண்டு, பெண்கள் அணியும் உண்டு. ஒரே மாலையில், ஒரே களத்தில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் ஆடுகின்றன. தங்கையின் ஆட்டத்துக்கு வந்த தமையன், தன் ஆட்டத்துக்கும் நிற்கிறான். ஆடவரை வெளியே நிறுத்திக் கதவடைத்த காலம் எங்கே, இக்காலம் எங்கே!

இத்தகைய ஊர்க் கழகத்தின் பயன் யாது? லோரன் ஜாக்சன் என்னும் வீராங்கனையைப் பாருங்கள். முரே நதிக்கரையிலுள்ள அல்பரியிற் பிறந்தவர். உலகப் புகழ் பெற்றபின் முழங்கால் நோவினால் 2016இல் ஆட்டத்தை விட்டார். 2022இல், இரு பிள்ளைகளின் தாயாக, சொந்த ஊர்க் கழகமாகிய அல்பரி வொடொங்கா அணியில் மீண்டும் இறங்கினார். அவ்வாண்டே, தம் 41ஆம் வயதில், தேசிய அணிக்கு அழைக்கப்பட்டார். சிட்னியில் நடந்த உலகக் கிண்ணத்தில் கனடாவுக்கெதிரான வெண்கலப் பதக்க ஆட்டத்தில் 30 புள்ளிகள் எடுத்தார். பெரிய அரங்குக்குத் திரும்பும் வழியை அவருக்குத் திறந்துவிட்டது ஊர்க்களமன்றோ?

பெரியோர்களே! விளையாட்டு எல்லோருக்கும் சோறு போடாதுதான். ஆனால் சோறு தேடும் தொழிலோடு விளையாட்டையும் வைத்திருக்கலாம் என்பதை இக்கழகங்கள் காட்டுகின்றன. நம்மிடையே பாடசாலையை விட்டிறங்கும் நாளிலேயே பந்தையும் விட்டுவிடுகிறார்கள் பலர். பெண்பிள்ளைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? கலியாணப் பேச்சு எழுந்ததும் காற்சப்பாத்து பெட்டிக்குள் போய்விடுகிறது.

பெரிய அரங்கு கட்டுமாறு நான் கேட்கவில்லை. கம்பங்கள் இரண்டு, வளையங்கள் இரண்டு, சமமாக்கிய ஒரு நிலம் போதும். அந்நிலத்தில் பெண்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். அதை எவரும் பறியாதிருக்கப் பெரியோர் நீங்கள் காவலிருங்கள். அயலூர்ச் சங்கங்களை அழையுங்கள். வென்றாலும் தோற்றாலும் அடுத்த வாரமும் ஆடுங்கள். இளைஞர்களே, வேலை கிடைத்தபின்னும் மாலையில் களத்துக்கு வாருங்கள், தங்கையரையும் கூட்டிவாருங்கள்.