உழாத விளைச்சல்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தேவாரம் என்றதும் தமிழறிந்தோர்க்கு நினைவில் எழுவன மூவர் பதிகங்கள். நான் பேச வந்ததோ அப்பெயர் தாங்கிய நம் ஊரின் உலைப்பானையைப் பற்றி. இலக்கிய மேடையில் கீரைக்கு என்ன வேலை என்று எண்ண வேண்டா. மூவேந்தர் பறம்பு மலையை முற்றியபோது, அங்கே உழவர் உழாமலே விளையும் பொருள்கள் நான்கு என்று கபிலர் எண்ணிக் காட்டினார்: மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன். புறநானூற்றின் 109ஆம் பாட்டு அது.

அந்நான்கில் கிழங்கும் தேனும் நம் மேற்கு மலையில் வாழும் பளியர் நன்கறிந்தவை. கிழங்கு தோண்டுவோர் கொடியோடு கூடிய தலைப்பகுதியைக் குழியிலேயே விட்டு மண்ணை மூடுவர். மழை கண்டதும் அது மீண்டும் தழைக்கும். இதனை வேளாண்மை அன்று என்று எவ்வாறு சொல்வது? 1962 முதல் பளியரிடையே தங்கி ஆய்ந்த பீட்டர் கார்ட்னர், காட்டு உணவுக்கும் கூலி வேலைக்கும் இடையே அவர்கள் மாறி மாறி வாழ்ந்ததை எழுதியிருக்கிறார். சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையைச் சட்டம் ஏற்றது 2006இல்தான்.

அடிவாரத்துக்கு வருவோம். மானாவாரிப் புஞ்சையில் சோளத்தோடு மொச்சையும் தட்டைப்பயறும் கலந்து விதைப்பது பழைய வழக்கம். மொச்சை சோளத்தட்டையைப் பற்றி ஏறும். அதன் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கஞ்சிக்கு ஆகும். இடையிடையே விதைக்காமல் முளைப்பன தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமட்டிக்கீரை. வேலியில் பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை. மதுரைச் சீமைக் கரிசலில் ஐப்பசி மழைக்குப் பின் அதலைக்காய்க் கொடி தானே தலைகாட்டும். பாகலின் உறவு, கசப்பும் உண்டு. பறித்த பின் விரைவில் வெடித்துவிடுமாதலால் தொலைவுச் சந்தைக்கு ஆகாது. அதனாலேயே அது ஏழை வீட்டுப் பொரியலாக நிலைத்தது போலும்! களையெடுக்கும் பெண்கள் கூலியோடு மடி நிறையக் கீரையும் கொண்டு வந்தது இவ்வாறே.

களைக்கொல்லிக்குக் களையும் கீரையும் ஒன்றுதான். தெளிப்பவரை நான் குறை சொல்லேன். ஆள் எங்கே? விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கி அமர்ந்து, போடிமெட்டும் கம்பமெட்டும் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். அங்கே கிடைக்கும் கூலியை நம் புஞ்சை தராது. ஆனால் களைவெட்டியின் அருகிலிருந்து பேத்தி கற்ற கல்வி அதனால் அறுந்தது. எது கீரை, எது அதனைப் போன்ற செடி, எந்தக் காட்டுக்கிழங்கை எத்தனை நீர் மாற்றி அவிக்க வேண்டும் என்பவை ஏட்டில் ஏறாதவை. இவற்றில் பிழை நேர்ந்தால் வயிறு தாங்காது.

பத்தாண்டுகள் நூல்களைப் பேசிய இவ்வட்டம், வரும் கார்த்திகைக் கூட்டத்தை ஒரு புஞ்சை வரப்பில் நடத்த வேண்டுகிறேன். கீரை அறிந்த மூதாட்டியர் பேசட்டும்; பெயர், பருவம், பக்குவம் மூன்றையும் அவர்கள் சொல்லும் சொல்லிலேயே நாம் எழுதிக்கொள்வோம். அன்று அவர்கள் இழக்கும் கூலியை வட்டத்தின் நிதியிலிருந்து கொடுத்துவிடுதல் முறை.