நிலாவாரை: நிழலில் காய்ந்தால்தான் காசு



மஞ்சள் பூப் பூக்கிற நிலாவாரை நம்ம மானாவாரிக் காட்டுக்குப் புதுசு இல்லை. நிலவாகை என்றும் சொல்வோம். மலச்சிக்கலுக்கு நாட்டு மருந்துக் கடையில் விற்கிற இந்த இலை, சீன மருத்துவத்திலும் அதே வேலைக்குத்தான் பயன்படுகிறது. வெளிநாட்டு வியாபாரத்தில் இதற்குப் பேரே 'திருநெல்வேலி சென்னா'. ஊர்ப் பேர் அவ்வளவு தூரம் போயிருக்கு. நம்ம கைக்கு மட்டும் ஏன் நல்ல விலை வரலை?

விதைப்பதில் குறை இல்லை. ஐப்பசி மழைக்கு விதைக்கிறோம், தண்ணீர் தேங்காமல் பார்க்கிறோம், இரண்டு மாதத்தில் இலை பறிக்கிறோம். காயவைப்பதில்தான் கோட்டை விடுகிறோம். கடும் வெயிலில் போட்டால் பச்சை நிறம் போய்விடும். குவித்து வைத்தால் கறுத்துவிடும். பிறகு வியாபாரி குறைத்துத்தான் கேட்பார். நிழலில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் காயவிடுங்கள். குச்சி, மண் கலக்க விடாதீங்க.

தனியாக ஒருத்தர் கொட்டகை போடுவது கஷ்டம். குழுவாகச் சேர்ந்து போடலாமே! விதைக்கிறதுக்கு முன்னாடியே இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேளுங்கள். எல்லார் இலையையும் சேர்த்து எடை போட்டு விற்போம்.

ஒரு எச்சரிக்கை: இது பேதி மருந்து. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் நீங்களாகக் கொடுக்காதீங்க.